படுக்கையிலிருந்து தறிக்கு: குடலிறக்க அறுவைக்குப் பின்னான ஓய்வின் வரலாறு

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. ஆனாலும் குடலிறக்க அறுவை முடிந்து வீடு திரும்பும் நெசவாளியிடம் உறவினர் முதலில் சொல்வது, “மூணு மாசம் அசையாம இரு, தையல் விட்டுடும்” என்பதுதான். இந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. பழைய அறுவைமுறை ஒன்றுக்கு அது பொருந்தியது. முறை மாறிய பிறகும் அச்சம் மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இழுத்துத் தைத்த காலம்

தொடை இடுக்கில் குடல் இறங்கியவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்தது இடுப்பில் கட்டும் அழுத்துப்பட்டைதான். இத்தாலியின் படுவா நகர அறுவை மருத்துவர் எடோர்டோ பாசினி, 1884 முதல் தளர்ந்த வயிற்றுச் சுவரை இழுத்துத் தைத்துச் சீரமைத்தார். விலகிய தசையை இழுத்துப் பிடித்திருந்ததால் தையலில் எந்நேரமும் இழுவிசை இருந்தது. ஆகவே இரண்டு, மூன்று வாரப் படுக்கை கட்டாயமாயிற்று. ஆனால் அந்தப் படுக்கையே காலில் ரத்தம் உறையவும் நுரையீரலில் சளி கட்டவும் வழிசெய்தது.

எழுந்து நடந்த காலம்

சிகாகோவின் எமில் ரீஸ் 1899இலேயே அறுவைக்குப் பின் சீக்கிரம் எழுந்து நடப்பதை ஆதரித்து எழுதினார், பெரும்பாலோர் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் காற்று திசைமாறியது. படையில் சேர முடியாத குடலிறக்க நோயாளிகளுக்கு அறுவை செய்த எர்ல் ஷோல்டிஸ், 1945இல் டொரான்டோவில் இதற்கெனத் தனி மருத்துவமனை தொடங்கினார். சுவரை அடுக்கடுக்காகத் தைத்து, நோயாளியை உடனே நடக்கவும் வைத்தார். நடந்தவர்களின் தையல் விட்டுப்போகவில்லை.

வலை வந்த காலம்

1950களின் இறுதியில் ஹூஸ்டனின் பிரான்சிஸ் அஷர் தளர்ந்த சுவரைத் தாங்க பாலிஎத்திலீன் வலையைப் பயன்படுத்தினார். லாஸ் ஏஞ்சலீஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன் குழு, தசையை இழுக்காமல் வலையைப் பதிக்கும் முறையை 1989இல் வெளியிட்டது. இழுவிசை போனதும் நீண்ட ஓய்வுக்கான காரணமும் போயிற்று. வலையின் விலை ஏழைகளுக்கு எட்டாத நிலையில், மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சாவில் பணியாற்றிய ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர், கிருமிநீக்கிய கொசுவலைத் துணியைப் பயன்படுத்திய அனுபவத்தை 2003இல் வெளியிட்டார். உகாண்டாவில் நடந்த ஒப்பீட்டாய்விலும் (2016) ஓராண்டு முடிவில் அத்தகைய வலை, விலையுயர்ந்த வலைக்கு ஈடாகவே இருந்தது.

2018இன் பன்னாட்டு வழிகாட்டுதல், சிக்கலில்லாத தொடை இடுக்கு அறுவைக்குப் பின் உடல் ஒத்துழைக்கும் அளவில் வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்கிறது. தடை விதிப்பதால் மீண்டும் குடலிறங்குவது குறைவதில்லை என்றும் கூறுகிறது.

தறியும் தோளும்

தையலையும் வலையையும் சோதிப்பது வயிற்றுள் எழும் அழுத்தம். ஆரோக்கியமான 20 இளையோரிடம் காப் என்பவரின் குழு நடத்திய 2005 ஆய்வில், நிற்கையில் வயிற்றுள் அழுத்தம் சுமார் 20 மி.மீ. பாதரசம், இருமும்போது அது 100ஐத் தாண்டியது. நடையைவிட அடங்காத இருமலும் மலச்சிக்கலில் முக்குவதுமே கவனிக்கத்தக்கவை.

அறுவை நாளிலோ மறுநாளோ வீட்டுக்குள் நடை, பிறகு தெருவரை, பிறகு சற்றுத் தொலைவு என்று கூட்டலாம். குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பதையும் நாடா எறிவதையும் வலி விடும் அளவில் அரைமணி நேரத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயிலில் சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்குவோர் தோளில் ஏற்றும் பாரம் வேறு வகை. அதற்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். பெரிய வயிற்றுத் தழும்பில் வந்த குடலிறக்கத்துக்கும் மேற்சொன்ன தளர்வு அப்படியே பொருந்தாது. காய்ச்சல், தையலில் சீழ், கூடும் வீக்கம், வாந்தியோடு வயிற்றுவலி ஆகியவை தெரிந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஓய்வின் நாள்கணக்கை அறுவைமுறையே தீர்மானித்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எனவே வெளியேற்றச் சீட்டில் “ஓய்வெடுக்கவும்” என்று மட்டும் எழுதாமல், எந்த முறையில் தைத்தது, எப்போது நடை, எப்போது தறி, எப்போது பாரம் என்று எழுதித் தந்தால், உறவினர் சொல்லும் மூன்று மாதத்துக்கு வேலை இராது.