பாதை பார்த்து நடத்துபவரே தலைவர்



விடிகாலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகும்போது, முன்னால் விளக்கோடு நடப்பவரின் காலடியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடப்பார்கள். பள்ளமோ பாம்போ, முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான். படைக்குத் தலைமை தாங்குவதும் அப்படித்தான். பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவான ராயல் மரீன்ஸின் 42-ஆம் கமாண்டோ படை வரலாறு இதைக் காட்டுகிறது.

1943-இல் தோன்றிய இப்படை, 1945-இல் பர்மாவின் அரக்கான் கரையில் ஜப்பானியரோடு போரிட்டது. அவசரகாலத்தில், 1950 முதல் 1952 வரை, மலாயாக் காடுகளில் இருந்தது. ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடுமாக அப்போது பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே நாளில், 40-ஆம் கமாண்டோவில் ஜெரமி மூர் என்ற இளம் அதிகாரி இந்தக் காடுகளில் சுற்றினார். அவருடைய துணிவுக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது.

1962 டிசம்பர் 8-ஆம் நாள் புருணையில் கிளர்ச்சி மூண்டது. மலேசியத் திட்டத்தை எதிர்த்தவர்கள் சரவாக்கின் லிம்பாங் நகரையும் பிடித்து, பிரிட்டிஷ் ரெசிடெண்டையும் அவர் மனைவியையும் வேறு சிலரையும் சிறைவைத்தார்கள். மீட்கும் பொறுப்பு 42-ஆம் கமாண்டோவின் ஒரு பிரிவுக்குத் தலைவரான கேப்டன் மூருக்கு வந்தது. பிணையாளிகள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. வேவு பார்க்க நேரமும் இல்லை. 12-ஆம் நாள் விடியலில், ஏறக்குறைய 90 பேர் இரண்டு தட்டைப் படகுகளில் ஆற்று வழியே போய்ச் சேர்ந்தார்கள். சரணடையச் சொல்லி ஒலிபெருக்கியில் மலாயில் அழைத்தார்கள். பதிலுக்குத் துப்பாக்கிதான் வெடித்தது. மருத்துவமனைக்குள் இருந்த பிணையாளிகள், தங்களை எதிரியென்று எண்ணிச் சுட்டுவிடக் கூடாதே என்று உரக்கப் பாட்டுப் பாடினார்கள்! அனைவரும் மீட்கப்பட்டார்கள். ஆனால் ஐந்து கமாண்டோக்கள் திரும்பவில்லை. எதிர்ப்பக்கத்தில் மடிந்தவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தாமே?

மூர் 1972-இல் 42-ஆம் கமாண்டோவுக்கே தலைவரானார். 1982-இல் பால்க்லாந்து தீவுப் போரில், மேஜர் ஜெனரலாகத் தரைப்படைகள் அனைத்தையும் நடத்தினார். அப்போது 42-ஆம் கமாண்டோவின் தலைவர் நிக் வோக்ஸ். ஹாரியட் மலையை நேராகத் தாக்கினால் உயிர்ச்சேதம் மிகுதியாகும் என்று உணர்ந்த அவர், முன்கூட்டியே ஆட்களை இரவில் அனுப்பி, கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி கண்டுபிடிக்கச் செய்தார். ஜூன் 11-ஆம் நாள் இரவு, படை மலையின் பின்புறமாக ஏறியது. 300-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். படையில் உயிரிழந்தோர் இருவர். ஜூன் 14-இல் அர்ஜென்டினா தளபதியின் சரணாகதியை மூர் ஏற்றார்.

மாணவர்களே! துணிவு இரண்டு இடத்திலும் இருந்தது. லிம்பாங்கில் வழி பார்க்க நேரமில்லை. ஹாரியட் மலையில் நேரம் இருந்தது, அதைத் தலைவர் வீணாக்கவில்லை. ஆத்திரப்பட்டு ஓடுகிறவன் தலைவனல்லன். தன்னை நம்பி வருகிறவர்களுக்காக முன்கூட்டியே பாதை பார்ப்பவனே தலைவன். இன்று பரிசு வாங்கும் தம்பி தங்கைகளே, பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் விளக்குப் பிடியுங்கள்!