மடிக்கணினிக் கேமரா செயலிழப்பு

மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பில் உள்ள கேமரா படம் காட்டாமல் போகும் பழுது. பெரும்பாலும் கேமரா கெட்டிருப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை மறைக்கும் நகர்மூடி. பல லெனோவோ திங்க்பேட் கணினிகளில் அது விரல்நகத்தால் தள்ளும் அளவே இருக்கும். மூடியிருந்தால் படம் வெறும் கறுப்பாகத் தெரியும். சில கணினிகளில் விசைப்பலகையிலோ பக்கவாட்டிலோ கேமராவை நிறுத்தும் பொத்தான் உண்டு.

விண்டோஸ் 11-இல் கேமரா அனுமதி, செட்டிங்ஸின் தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது. டெஸ்க்டாப் செயலிகளுக்கு அங்கே தனி அனுமதி தேவை. பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருந்தாலும் படம் வராது.

உட்கேமரா பொதுவாக யூஎஸ்பி இணைப்பிலேயே இயங்குகிறது. டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர் தெரிந்தால், அதை அன்இன்ஸ்டால் செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்தால் டிரைவர் மீண்டும் ஏறிக்கொள்ளும். பெயரே இல்லையென்றால் பயாஸில் முடக்கப்பட்டிருக்கலாம்; அல்லது கீல் வழியே செல்லும் மெல்லிய கேபிள் நைந்திருக்கலாம். திரையைச் சாய்க்கும்போது படம் விட்டுவிட்டு வந்தால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். திரைச்சட்டத்தைப் பிரிப்பதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். அதுவரை வெளியே செருகும் யூஎஸ்பி கேமராவே போதும்.