வெயில் போட்ட வெந்நீர்

லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டியிருக்கும் ஊர் பேசடினா. 1897ஆம் ஆண்டு அங்கே ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் குளிக்க வெந்நீர் கூரையிலிருந்து இறங்கி வந்தது. சாலையில் குதிரை வண்டிகள் ஓடிய காலம் அது. சோலார் வாட்டர் ஹீட்டரை நேற்று வந்த சங்கதி என்றும், அரசு மானியத்தில் பிழைக்கும் பிள்ளை என்றும் நினைப்பவர்கள் உண்டு. அதன் வயதோ நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை காலத்தில் பல ஊர்களில் செழித்திருக்கிறது. செழித்த ஊர்களிலேயே அடையாளம் இல்லாமல் போயுமிருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. நிலக்கரி என்ன விலை, எரிவாயு கிடைக்கிறதா, கட்டட விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பவைதாம் ஒவ்வொரு முறையும் அதன் தலையெழுத்தைத் தீர்மானித்தன.

தகரத் தொட்டிக்குக் கறுப்புச் சாயம் பூசி வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகும் என்பது அமெரிக்கப் பண்ணை வீடுகளில் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் அது சூடாவதற்குள் பாதிப் பகல் போய்விடும். பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1767இல், ஜெனீவாவைச் சேர்ந்த ஹோரஸ் பெனடிக்ட் டி சொசூர் என்ற அறிவியலாளர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் சிக்கிக்கொள்கிறது என்று கண்டறிந்திருந்தார். அவருடைய பெட்டிக்குள் வெப்பம் தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டியது. தொட்டி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் என்று கிடந்தவற்றை ஒன்றாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் பால்டிமோர் நகரத்து வணிகர் கிளாரன்ஸ் கெம்ப். 1891இல் ‘கிளைமாக்ஸ்’ என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடி மூடிய மரப்பெட்டி, உள்ளே கறுப்புச் சாயம் பூசிய நான்கு இரும்புத் தொட்டிகள், அவ்வளவுதான். சிறிய கருவியின் விலை 25 டாலர்.

கெம்ப் குறிவைத்த முதல் வாடிக்கையாளர்கள் வேடிக்கையானவர்கள். கிழக்குக் கரை நகரங்களில் கோடை வந்தால், வசதியான வீட்டுப் பெண்கள் பணிப்பெண்களையும் அழைத்துக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ போய்விடுவார்கள். ஊரில் தனித்து விடப்பட்ட கணவருக்கு அடுப்பு மூட்டவே தெரியாது. குழாயைத் திருப்பினால் வெந்நீர் வரும் என்று அவரிடம் சொன்னால் போதாதா! வெந்நீர் போடுவது யார் வேலை என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் இருந்தது போலும்.

வியாபாரம் உண்மையில் சூடுபிடித்தது கலிபோர்னியாவில். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, நிலக்கரிக்குப் பஞ்சம். தொலைவிலிருந்து வரவேண்டியிருந்ததால் விலை எகிறியது. எரிவாயு அடுப்பும் நிலக்கரியிலிருந்து தயாரித்த வாயுவில் எரிந்ததால் கட்டுப்படியாகவில்லை. விறகு அடுப்பு மூட்டினால் கோடையில் வீடே வெந்தது. 1895இல் பேசடினாவின் வணிகர்கள் இருவர் கெம்பிடமிருந்து கலிபோர்னியா விற்பனை உரிமையை 250 டாலருக்கு வாங்கினார்கள். 1900க்குள் தென் கலிபோர்னியாவில் 1,600 கருவிகள் கூரையேறிவிட்டன.

ஆனால் கிளைமாக்ஸில் ஒரு பெருங்குறை இருந்தது. சூடாகும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றே. மாலையில் குளிப்பவருக்கு வெந்நீர். விடிகாலையில் எழுபவருக்குப் பச்சைத்தண்ணீர். இரவு முழுவதும் அந்தக் கண்ணாடிப் பெட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு, பகலில் சேர்த்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லியம் பெய்லி. கார்னகி உருக்காலையில் வேலை பார்த்துவிட்டு, உடல்நலம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்த பொறியாளர். 1909இல் அவர் கருவியை இரண்டாகப் பிரித்தார். கூரையில் ஆழமில்லாத கண்ணாடிப் பெட்டி; அதற்குள் செம்புத் தகடும் அதில் பற்றவைத்த மெல்லிய குழாய்களும். அதைவிட உயரத்தில், வெப்பம் வெளியேறாதபடி பொதிந்த தொட்டி தனியாக. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலேறித் தொட்டிக்குப் போகும். தொட்டியின் அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் தகட்டுக்கு இறங்கும். பம்ப் வேண்டாம், ஆள் வேண்டாம், வெயில் இருக்கும்வரை தானே சுற்றும். சூரியன் மறைந்ததும் சுழற்சி நின்றுவிடும்; வெந்நீர் பொதிந்த தொட்டியில் பத்திரமாக இருக்கும். பெய்லி தன் நிறுவனத்துக்கு ‘டே அண்ட் நைட்’ என்று பெயர் வைத்ததன் காரணம் இதுதான். விலை 180 டாலர், அதாவது சிறிய கிளைமாக்ஸைப் போல ஏழு மடங்கு. இருந்தும் கிளைமாக்ஸ் கம்பெனிகள் கடையைச் சாத்தவேண்டி வந்தது. இன்று நம் ஊர் மொட்டைமாடிகளில் இருக்கும் தகடு வகை ஹீட்டர், சாரத்தில், பெய்லியின் கருவியேதான்.

1913இல் தென் கலிபோர்னியாவை எதிர்பாராத உறைபனி தாக்கியது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரிக்கு இறங்க, கூரைகளில் இருந்த செம்புக் குழாய்கள், உள்ளே தண்ணீர் உறைந்து, வெடித்தன. பெய்லி அசரவில்லை. தகட்டுக்குழாய்களில் உறையாத சாராயக் கலவையைத் தனியாக ஓடவிட்டு, தொட்டிக்குள் ஒரு சுருள் குழாய் வழியாக அதன் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றினார். முதல் உலகப்போர் முடிவதற்குள் 4,000க்கும் மேற்பட்ட கருவிகளை விற்றிருந்தார்.

பனிக்கு மாற்று கண்டவருக்கு அடுத்து வந்த எதிரியை வெல்ல வழி தெரியவில்லை. 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இயற்கை எரிவாயு பெருமளவில் கிடைத்தது. விலை விழுந்தது. எரிவாயு கம்பெனிகள் வீடு வீடாக இணைப்பு கொடுத்தன. 1920இல் ஆயிரத்துக்கும் மேல் விற்ற டே அண்ட் நைட் சூரிய ஹீட்டர், 1926இல் 350 விற்றது; 1930இல் வெறும் 40. பெய்லி வணிகர்; வெயில்மேல் பக்தி வைத்து அழிந்துபோகிறவர் அல்லர். பொதிந்த தொட்டி செய்வதில் கைதேர்ந்த தன் ஆலையை அப்படியே எரிவாயு ஹீட்டருக்குத் திருப்பி, அந்தத் தொழிலில் நாட்டின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக அதை வளர்த்தார்.

சூரிய ஹீட்டரின் உரிமையோ 1923இல் ஃபுளோரிடாவுக்குப் போனது. மியாமி அப்போது வீங்கிக்கொண்டிருந்த நகரம். 1920இல் முப்பதாயிரம் பேர்கூட இல்லை. 1930இல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எரிவாயுக் குழாய் கிடையாது. மின்சாரம் விலை அதிகம். புது வீடு கட்டியவர்கள் எல்லாம் கூரையில் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். தொட்டி அசிங்கமாகத் தெரியாமலிருக்க அதைச் சுற்றிப் பொய்ப் புகைபோக்கி கட்டினார்கள். மார்கழி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் வீட்டுக்கு வீடு புகைபோக்கி! 1926 புயல் அந்தக் கட்டுமான வெறியை அடித்துப் போட்டது. 1930களின் நடுவில் அரசின் வீட்டுக் கடன் திட்டம் கைகொடுக்க, தொழில் மறுபடி எழுந்தது. பொதுக் குடியிருப்பான எடிசன் கோர்ட்ஸில்கூட வெயில் வெந்நீர்தான். 1941இல் மியாமியின் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் இந்தத் தண்ணீரில் குளித்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. செம்பு படைக்கலத் தொழிற்சாலைகளுக்குப் போனது. போருக்குப் பிறகு துணி துவைக்கும் இயந்திரம் வந்து வீட்டின் வெந்நீர்த் தேவை கூடியது. செம்புக் குழாயும் இரும்புத் தொட்டியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அரித்து, பழைய தொட்டிகள் ஒழுகத் தொடங்கின. மின்கட்டணம் குறைந்தது. மின்நிறுவனம் மலிவு விலையில் மின்சார ஹீட்டர் தந்தது. பொய்ப் புகைபோக்கிகள் மட்டும் மிஞ்சின.

இதற்கு நேர் எதிரான கதை இஸ்ரேலுடையது. புதிதாகப் பிறந்த அந்த நாட்டில் 1950களின் தொடக்கத்தில் எரிபொருள் தட்டுப்பாடு. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை தண்ணீர் சூடாக்கவே தடை. லெவி யிஸ்ஸார் என்ற பொறியாளரின் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய தொட்டியொன்றைக் கறுப்பாக்கி வெயிலில் வைத்தார். அதைப் பார்த்துக் கணவர் 1953இல் தொழிலே தொடங்கிவிட்டார். ஹாரி டேபர் என்ற இயற்பியலாளர் 1950களின் நடுவில், வெயிலை நன்றாக உறிஞ்சி வெப்பத்தை மிகக் குறைவாகவே திருப்பி உமிழும் தனிவகைக் கறுப்புப் பூச்சைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு நல்ல தகடுகள் எல்லாவற்றிலும் இருப்பது அந்த யோசனைதான். இத்தனை இருந்தும் 1967இல் இருபது வீட்டுக்கு ஒரு வீடுதான் மாறியிருந்தது. அதே ஆண்டுப் போரில் சினாய் எண்ணெய்க் கிணறுகள் கைக்கு வந்ததும் விற்பனை மேலும் சரிந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிதான் அரசை உலுக்கியது. 1980இல் சட்டம் வந்தது: மிக உயர்ந்த கட்டடங்கள் நீங்கலாக, புது வீடு எதுவாயினும் சூரிய ஹீட்டர் கட்டாயம். இன்று அந்நாட்டில் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் அது இருக்கிறது. இரண்டு கண்டுபிடிப்பாளர்கள் முப்பது ஆண்டுகளில் செய்ய முடியாததை ஒரு கட்டட விதி செய்துகாட்டியது.

சிறிய நாடுகளுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் புரிந்தது. எண்ணெய் முழுவதையும் கப்பலில் இறக்கிய சைப்ரஸில் பத்தில் ஒன்பது வீடுகளில் சூரிய ஹீட்டர் உண்டு. பார்படோஸ் 1974இல் தயாரிப்பாளர்களுக்கு மூலப்பொருள் இறக்குமதி வரியை நீக்கி, மின்சார ஹீட்டருக்கு வரியைக் கூட்டியது.

அமெரிக்காவோ இன்னொரு முறை ஏறி இறங்கியது. 1979 ஜூனில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 பலகைகளை வைத்தார். அவை மின்சாரம் தயாரித்தன என்று பலரும் நினைக்கிறார்கள், தயாரித்தது வெந்நீர். வீட்டுக்காரர்களுக்குச் செலவில் 40 சதவீதம்வரை வரிச்சலுகையும் கிடைத்தது. 1985 முடிவில் சலுகை காலாவதியானது, கம்பெனிகள் கொத்துக் கொத்தாக மூடப்பட்டன. மறு ஆண்டு வெள்ளை மாளிகைக் கூரையைப் பழுதுபார்க்க இறக்கிய பலகைகளை யாரும் திரும்ப ஏற்றவில்லை. அவற்றில் ஒன்று இப்போது சீனாவின் டெஜோ நகரத்தில், சூரிய ஹீட்டர் கம்பெனியொன்றின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருத்தமான இடம்தான், உலகின் சூரிய ஹீட்டர்களில் பெரும்பங்கு சீனாவில்தான் ஓடுகிறது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஊர் என்றால் பெங்களூர். கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் நகரம். ஆண்டு முழுவதும் விடியற்காலையில் வெந்நீர் தேடும் ஊர். பழைய வீடுகளின் குளியலறையில் ‘ஹண்டே’ என்னும் பெரிய செம்பு அண்டா அடுப்போடு பதித்திருக்கும். நம் வீடுகளின் கொட்டாங்குச்சி பாய்லருக்கு உறவு. பிறகு கீசர் வந்தது. காலை ஆறு மணிக்கு லட்சக்கணக்கான கீசர்கள் ஒரே நேரத்தில் உயிர்பெற, மின்வாரியத்துக்கு மூச்சு முட்டியது. நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500. கர்நாடக அரசு 2007இல், சிறு வீடுகள் நீங்கலாகப் புதுக் கட்டடங்களுக்குச் சூரிய ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. வைத்தவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஐம்பது பைசா தள்ளுபடியும் கிடைத்தது. சென்னையில் இது பெரிதாக எடுபடாததில் வியப்பில்லை. ஐப்பசி முதல் தை வரை மட்டும் வெந்நீர் கேட்கிற ஊரில், முதலீடு திரும்பிவர ஆண்டுகள் பிடிக்கும்.

பெங்களூரிலும் இப்போது கூரைதான் பிரச்சினை. நாலு வீடு இருந்த மனையில் நாற்பது வீடு எழும்பும்போது மொட்டைமாடி மட்டும் பெருகுவதில்லை. பத்தாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு வெந்நீர் வந்து சேர்வதற்குள், குழாயில் ஆறிக்கிடக்கும் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து வைக்கவேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு குழாயில் படிகிறது. மிச்சமிருக்கும் கூரையைச் சூரிய மின்பலகைகள் கேட்கின்றன.

இந்த இடத்தில்தான் ஹீட் பம்ப் நுழைகிறது. குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் தலைகீழாகச் செய்யும் கருவி இது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைப்பதால், கீசர் நான்கு யூனிட் கேட்ட இடத்தில் ஒன்றரைக்கும் குறைவே போதும். ஜப்பானில் 2001இல் ‘எக்கோக்யூட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வகை, கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்துகிறது. இரவு மின்கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்தால் நள்ளிரவில் ஓடித் தொட்டியை நிரப்பும்படி வடிவமைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள் பல லட்சம் வீடுகள் மாறின. அணு உலைகள் நின்று, பகலில் சூரிய மின்சாரம் பெருகிய பிறகு, அதே கருவியை நண்பகலில் ஓடவைக்கும் கட்டணத் திட்டங்களை அங்குள்ள மின்நிறுவனங்கள் கொண்டுவந்திருக்கின்றன.