பாடும் கணமும்: பழவேற்காடு ஏரியில் ஒரு கணக்கு

கணம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ரெண்டு வட்டங்கள்தான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். பழவேற்காட்டின் பாடு முறையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அந்த வட்டத்தின் கோட்டை எங்கே போடுவது என்பதே எவ்வளவு பெரிய விவகாரம் என்று எனக்கு உறைத்தது.

பழவேற்காடு என்றால் 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். ஏரிக்குள் இன்னொரு வரலாறு இருக்கிறது. இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சிலதான். அங்கே ஆளாளுக்கு வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கழி நட்டுக் கட்டும் சுத்து வலைக்கு முறை வைத்தார்கள். குலுக்கலில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முடிவாகும்; முறை சுற்றிச் சுற்றி வரும். இதுதான் பாடு. நீர்கொழும்புக் களப்பிலும் கேரளக் காயல்களிலும் இதே பெயரில் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. பழவேற்காட்டு முறையை செபாஸ்டியன் மாத்யூ விரிவாக ஆராய்ந்தார். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1991-ல் அதை வெளியிட்டது.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். கணக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த கியோர்க் கேன்டர், ரெண்டு கணங்கள் சம அளவா என்று பார்க்க எண்ணவே வேண்டாம், ஜோடி சேர்த்தால் போதும் என்றார். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே ஒரு ஜோடி, யாரும் மிச்சமில்லை என்றால் ரெண்டும் சமம். பாட்டுக் குலுக்கலும் அதைத்தானே செய்கிறது! ஒரு பக்கம் பெயர்கள், மறுபக்கம் முறைகள். ஒருவருக்கு ஒன்று. உள்ளே இருப்பவர்களுக்குள் இதைவிட நேர்மையான பங்கீடு கிடைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு வித்தியாசம். கேன்டரின் முடிவிலிக் கணத்தில் புதிதாக ஒருவரைச் சேர்த்தாலும் அளவு மாறாது, எல்லோருக்கும் இடம் கிடைக்கும். ஏரி முடிவுள்ளது. ஒரு இடத்துக்கு 60 பேர், நாளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 60 நாளைக்கு ஒருமுறை வாய்ப்பு வரும். 90 பேரானால் 90 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, 'யார் உறுப்பு?' என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. பட்டினவர் சமூகமாக இருக்க வேண்டும், பாட்டு உரிமையுள்ள கிராமத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தது இதனால்தான்.

கணிதம் இதில் குறை சொல்லாது. ஒரு பொருள் கணத்தில் உண்டா இல்லையா என்று ஐயமில்லாமல் சொல்ல முடிந்தால் அதற்குப் போதும். பாட்டின் நிபந்தனைகள் அந்த விதத்தில் பக்கா. தெளிவு வேறு, நியாயம் வேறு.

இங்கேதான் பாடப்புத்தகத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு வரி உதவுகிறது: நிரப்புக்கணம் காண முதலில் அனைத்துக்கணம் தெரிய வேண்டும். வெளியே இருப்பவர்கள் யார் என்று கேட்டால், 'எதற்கு வெளியே, எந்த மொத்தத்தில்?' என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். பாட்டு ஊர்களின் தலைக்கட்டுகளையே மொத்தம் என்று எழுதினால் நிரப்புக்கணம் வெற்றுக்கணம், யாருமே விடுபடவில்லை! ஏரியை நம்பிப் பிழைக்கிற எல்லோரும் மொத்தம் என்றால் படம் மாறிவிடும். சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள், பிற சாதி மீனவர்கள், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் வலை போடுபவர்கள் என்று வட்டத்துக்கு வெளியே ஒரு கூட்டமே நிற்கும்.

பாட்டை ஒழிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. குலுக்கல் இல்லாத ஏரியில் பலசாலிக்குத்தான் இறால். ஆனால் 'சமூகமே நடத்தும் நல்ல நிர்வாகம்' என்று யாராவது பாட்டைப் பாராட்டினால், வட்டத்துக்குள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். வட்டத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைவோமே, அதை எவ்வளவு பெரிதாகப் போட்டார்கள் என்றும் கேளுங்கள்.