மைதான ஓரத்துச் சாட்சி

வரலாறு எழுதப் புகுவோர் முதலிலே தேடுவது சான்று. கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் ஊரார் நினைவும் அவர்க்குச் சான்றுகளாகும். நூறாண்டுக்கு மேலாகப் புகைப்படமும் அவ்வரிசையில் இடம்பெற்றுவிட்டது. கல்வெட்டைப் பொறிப்பித்த மன்னன் தன் புகழைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று ஐயுறுகின்ற நாம், புகைப்படத்தைக் கண்டவுடன் அந்த ஐயத்தைக் கைவிட்டுவிடுகின்றோம். இது தகுமா என்பதை, உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து படம் பிடிப்போரின் தொழிலைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

ஓடும் ஆளையும் பறக்கும் பந்தையும் படத்திலே நிறுத்துவது ஆதியில் அரிய காரியமாயிருந்தது. ஜேர்மானியரான ஒட்டோமார் அன்சூட்ஸ் என்பார் 1888ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற கமராத் திரை, ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விடவல்லதாயிருந்தது. இத்தகைய கருவிகள் வந்த பின்னரே விளையாட்டுப் படப்பிடிப்பு வளர்ந்தது. ஆயினும் அக்காலக் கண்ணாடித் தகடு ஒன்றிலே ஒரு படமே பதியும். அதை மாற்றுவதற்குள் பந்து மறுபக்கம் போய்விடும். ஆகையால், கோல் விழப்போகும் கணத்தை முன்கூட்டியே உணரும் ஆற்றல் படப்பிடிப்பாளருக்கு இன்றியமையாததாயிற்று. 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா, ஒரே சுருளில் 36 படங்கள் எடுக்க வழிசெய்தது. இன்றைய எண்முறைக் கமராக்களோ ஒரு செக்கனில் பத்துக்கு மேற்பட்ட படங்களைப் பிடிக்கின்றன.

கருவி மாறினும் இருக்கை பெரிதும் மாறவில்லை. படப்பிடிப்பாளருட் பலர் இன்றும் கோல் கம்பத்துக்குப் பின்னாலோ மூலைக் கொடியின் அருகிலோ தாழ்வாக அமர்கின்றனர். தம்மை நோக்கி ஓடிவரும் வீரரின் முகம் அங்கிருந்தே நன்கு தெரியும். ஆனால் ஒரு முனையைத் தேர்ந்தவர் மறுமுனையை இழக்கின்றார். மேலும், தூரத்துப் பொருளை அருகே காட்டும் நீண்ட வில்லை, முன்னும் பின்னுமாக நிற்போரை ஒருவரோடொருவர் நெருங்கி நிற்பவர்போற் காட்டிவிடும். படம் மெய்யே. எனினும் அது ஓரிடத்திலிருந்து, ஒரு கணத்திற் காணப்பட்ட மெய்.

இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருவேன்.

முதலாவது, 1966 ஜூலை 30ஆந் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் இரண்டுக்கிரண்டு என்று சமநிலையில் நிற்க, மேலதிக நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹேர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் மோதிக் கீழே வீழ்ந்து வெளியே தெறித்தது. சுவிற்சர்லாந்து மத்தியஸ்தர் டீன்ஸ்ட், எல்லைக்கோட்டு நடுவரான பஹ்ராமோவை வினவிக் கோல் என்று தீர்த்தார். இங்கிலாந்து நான்குக்கிரண்டு என வென்றது. மைதானத்தைச் சுற்றிலும் கமராக்கள் இருந்தும் பிணக்குத் தீரவில்லை. கோட்டுக்கு நேராக இருந்து பார்த்தாலன்றி, பந்து முழுவதும் கடந்ததா என்பதை ஒற்றைப் படத்தால் துணிய முடியாது. 1990களில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இரு கோணங்களில் எடுக்கப்பட்ட காட்சிகளை ஒப்பிட்டுக் கணித்து, பந்து முழுவதும் கடக்கவில்லை என்று முடிவு கூறினர். ஒரு சாட்சிக்கு இன்னொரு சாட்சி துணைவேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது, 1982 ஜூன் 13ஆந் திகதி பார்சிலோனாவில் ஸ்டீவ் பவல் எடுத்த படம். ஆர்ஜென்டீனாவின் மரடோனா காலடியிற் பந்தோடு நிற்கின்றார். எதிரே பெல்ஜிய வீரர் அறுவர் திகைத்து நிற்பது போலத் தோன்றுகிறது. ஒருவரை அடக்க அறுவர் திரண்டனர் என்றே காண்போர் கருதுவர். நடந்தது வேறு. ஆர்ஜென்டீனாவுக்குக் கிடைத்த தண்ட உதையைத் தடுக்கச் சுவர்போல் நின்ற பெல்ஜியர், பந்து மரடோனாவிடம் தட்டிவிடப்பட்டதும் கலையத் தொடங்கிய கணம் அது. அன்று வென்றவர்களும் பெல்ஜியரே. படத்திலே பொய் இல்லை. முன்னும் பின்னும் அறியாது நாம் படத்துக்குக் கற்பிக்கும் கதையிலேதான் பொய் புகுகின்றது.

மூன்றாவது, 1986 ஜூன் 22ஆந் திகதி மெக்சிக்கோ நகரில் அதே மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிய கோல். துனீசிய மத்தியஸ்தர் அலி பின் நாசர் அதைக் காணவில்லை. படமோ பந்தின்மேற் கை பட்டதைத் தெளிவாகக் காட்டிற்று. ஆயினும் தீர்ப்பு மாறவில்லை. ஆர்ஜென்டீனா இரண்டுக்கொன்று என வென்று, அவ்வாண்டுக் கிண்ணத்தையும் பெற்றது. மெய் வெளிப்படுவது ஒன்று, நீதி கிடைப்பது வேறொன்று.

இவையெல்லாம் விளையாட்டின் வெற்றி தோல்வியோடு நிற்பன. உயிரோடு தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. 1989 ஏப்பிரல் 15ஆந் திகதி இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலுள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலுக்கும் நொட்டிங்காம் ஃபொறஸ்டுக்குமிடையே அரையிறுதியாட்டம் தொடங்கியது. கோலுக்குப் பின்னால் கம்பி வேலியிட்ட அடைப்புக்குள் மக்கள் அளவுக்கு மிஞ்சி அனுப்பப்பட்டனர். மூன்று மணி ஆறு நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. நெரிசலின் விளைவாக இறந்தோர் தொகை 97.

ஆட்டத்தைப் படம் பிடிக்க அங்கே அமர்ந்திருந்தோர் கண்டது கம்பியோடு நசுங்கிய முகங்களை. அந்நிலையில் கமராவை எடுப்பது அறமா, கீழே வைத்துவிட்டுக் கை கொடுப்பது அறமா? அப்படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, இறந்தோரின் உறவினர் உற்ற வேதனை சொல்லுந்தரமன்று. ஆனால் மறுபக்கமும் உண்டு. மது மயக்கத்தில் வந்த இரசிகரே இவ்வழிவுக்குக் காரணர் என்ற பழி பரப்பப்பட்டது. அதை மறுத்து உறவினர் 27 ஆண்டுகள் போராடினர். 2016ஆம் ஆண்டு மரண விசாரணைச் சபை, இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர் மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தது. ஒவ்வொருவரும் இறுதியாக எங்கே நின்றார், எப்போது வீழ்ந்தார் என்பதை அறிய அவ்விசாரணைக்கு உதவியவற்றுள் அன்று எடுத்த படங்களும் அடங்கும். பார்க்கக் கூசிய படங்கள் பழியைத் துடைக்கவும் துணைநின்றன.

கோல் கோட்டைக் கண்காணிக்கும் பொறிகளை 2012ஆம் ஆண்டில் உதைபந்தாட்ட விதிச் சபை அனுமதித்தது. 2014 உலகக் கிண்ணத்தில் அவை பயன்பட்டன. பந்து கடந்ததா என்ற வினாவை இனி அவை தீர்க்கும். மனிதர் முகத்திலே எழும் களிப்பையும் துயரத்தையும் கண்டு தேர்ந்து பதிக்கும் வேலையோ மைதான ஓரத்தில் இருப்பவருக்கே உரியது.

ஆகவே, நேயர்களே, பத்திரிகையில் ஒரு விளையாட்டுப் படத்தைக் காணும்போது அதன் அழகை நன்கு சுவையுங்கள். சுவைத்தபின் மூன்று வினாக்களை எழுப்புங்கள். எடுத்தவர் எங்கே இருந்தார்? அதற்கு முந்திய கணத்தில் என்ன நடந்தது? பிந்திய கணத்தில் என்ன நடந்தது? நம் பிள்ளைகளுக்கு இப்பழக்கத்தை ஊட்டினால், நாளை அவர்கள் கையில் வரும் எந்தச் சான்றையும் அவர்கள் ஏமாறாது வாசிப்பார்கள்.