தீக்ஷிதரும் பீத்தோவனும் எடுத்துக்கொண்ட ஒரே மெட்டு

பீத்தோவன் பிறந்தது 1770-ல். நம் முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1775-ல். அவர் 1827-ல் போனார், இவர் 1835-ல். ஒரே காலத்தவர்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மெட்டு உண்டு என்றால் மாட வீதியில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் உண்டு. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் 'காட் ஸேவ் தி கிங்' மெட்டுதான் அது.

தீக்ஷிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீக்ஷிதர், மணலி முதலியாரின் அழைப்பில் குடும்பத்தோடு மணலிக்கு வந்து தங்கினார். முதலியாருக்குக் கும்பினிக்காரர்களிடம் செல்வாக்கு. அவர் தயவில் பிள்ளைகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பேண்டு வாத்தியம் கேட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தம்பி பாலுஸ்வாமி வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டார். நம் மேடைக்கு வயலின் வந்த கதையை அங்கிருந்துதான் சொல்வார்கள். அண்ணா மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஸமஸ்கிருத ஸாஹித்யம் போட்டார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். சுமார் நாற்பது இருக்கும். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல்.

ராஜாவின் மெட்டில் அமைந்தது 'ஸந்ததம் பாஹிமாம்'. ராஜாவுக்கு வேண்டிய வாழ்த்தை எடுத்து அம்பாளுக்குச் சாத்திவிட்டார்! அதே மெட்டில் பீத்தோவன் 1803-ல் பியானோவுக்கு ஏழு வேரியேஷன்கள் எழுதினார். 1813-ல் 'வெல்லிங்டனின் வெற்றி' என்ற பெரிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பிலும் அதைப் புகுத்தினார். அது அன்று வியன்னாவில் அமோக வெற்றி. இன்று பீத்தோவன் பக்தர்களே அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஆனாலும் 1960-ல் அன்டால் டொராட்டி, லண்டன் ஸிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து, நிஜமான பீரங்கி, துப்பாக்கி சத்தங்களோடு அதைப் பதிவு செய்தார். சுமாரான படைப்புக்கும் அங்கே அத்தனை மெனக்கெடுகிறார்கள்.

இங்கே? நோட்டுஸ்வரம் என்றால் பாட்டு வகுப்பில் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். டிசம்பர் கச்சேரிகளில் நான் கேட்டது மிகக் குறைவு. பாடும் சிலரும் பழக்க தோஷத்தில் கொஞ்சம் அசைத்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது தப்பு. நேராக நிற்கும் ஸ்வரத்தில்தான் அந்தக் கோட்டை பேண்டு கேட்கிறது. இதற்கு ஈடு செய்தவர் அமெரிக்காவில் வாழும் கண்ணிகேஸ்வரன். 'விஸ்மயா' என்ற ஆல்பத்தில் இந்தப் பாட்டுகளைத் தன் மகளைப் பாட வைத்து, ஐரிஷ், ஸ்காட்டிஷ் வாத்தியச் சாயலோடு பதிவு செய்தார். சின்னக் குரல், அசைவே இல்லை. 'ஜகதீச குருகுஹ' ஒரு ஸ்காட்லாந்து நடன மெட்டு என்பது அதைக் கேட்டால்தான் புரியும், காகிதத்தில் தெரியாது.

ஒரு சிபாரிசு. 'ச்யாமளே மீனாக்ஷி' கேளுங்கள். 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டுதான், பிரெஞ்சுக்காரர்களுடையது. பிறகு அதே மெட்டில் மொஸார்ட் எழுதிய பன்னிரண்டு வேரியேஷன்களைப் போடுங்கள். எட்டாவதில் காந்தாரமும் தைவதமும் இறங்கிவிடும். அதுவரை சங்கராபரணமாக இருந்தது சட்டென்று கீரவாணிப் பக்கம் சாய்கிற அந்த இடத்துக்காகவே நான் இன்னொரு தடவை கேட்பேன்.