உதிர மறுக்கும் அணுக்கள்



மலாக்காத் தோட்டங்களில் இன்று செம்பனை பெருகிவிட்டது. ஆயினும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்ப்பதை நாம் அறிவோம். பழைய இலை உதிர்ந்தால்தான் தளிர் வரும். நம் உடலிலும் வேலை முடிந்த உயிரணுக்கள் தாமாகவே மடிகின்றன. 1972ஆம் ஆண்டில் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலாஸ்டர் கர்ரி என்னும் அறிஞர்கள் இம்மடிவுக்கு 'அபொப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் அச்சொல் இலையோ இதழோ உதிர்வதைக் குறிக்கும்.

அணுக்கள் உதிர மறுத்தால் என்ன ஆகும்? முதியோரைப் பெரிதும் பற்றும் நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்று உண்டு. அதில் லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்கள் சாக வேண்டிய காலத்தில் சாகாமல், இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் குவிகின்றன.

இதன் காரணம் படிப்படியாகவே விளங்கிற்று. 1980களின் நடுவில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கார்லோ குரோச்சே, யோஷிஹிடே சுஜிமோட்டோ ஆகியோர் 'பிசிஎல் 2' என்னும் மரபணுவை வேறொரு நிணநீர்ப் புற்றுநோயில் கண்டனர். புற்றுநோய் மரபணு என்றால் அணுக்களைப் பெருக்குவது என்றே அன்று கருதினர். 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகிய மூவரும் இம்மரபணு அணுவைப் பெருக்கவில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று காட்டினர். பிறப்பு மிகுவதால் மட்டுமன்று, இறப்பு குறைவதாலும் புற்றுநோய் வரும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இரத்தப் புற்றுநோயில் இம்மரபணு மிகுந்து வேலை செய்வதேன்? அதை அடக்கி வைக்கும் இரண்டு சிறு மரபணுக்கள் பல நோயாளிகளிடம் அழிந்திருந்தன. 2002, 2005ஆம் ஆண்டுகளில் குரோச்சே குழுவினர் இதனை வெளிப்படுத்தினர்.

பூட்டைக் கண்டபின் சாவி செய்யலாமல்லவா? பிசிஎல் 2 புரதத்தைத் தடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையை 2016இல் அமெரிக்கா அங்கீகரித்தது. நோய் மீண்டும் தலைதூக்கிய, அல்லது பிற சிகிச்சைக்கு அடங்காத 116 பேரிடம் நடந்த சோதனையில் 79 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. ஆனால் அணுக்கள் ஒரேயடியாக மடிந்தால் அவற்றின் கழிவே உயிருக்கு ஆபத்தாகும். தொடக்கச் சோதனைகளில் சிலர் இறந்ததும் உண்டு. ஆகவே 20 மில்லிகிராமில் தொடங்கி, 5 வாரங்களில் 400 மில்லிகிராமுக்கு உயர்த்துகின்றனர்.

இந்நோய் சாபமும் அன்று, தொற்றுவதும் அன்று. வீட்டுப் பெரியவர்களுக்குக் கழுத்திலோ அக்குளிலோ கட்டி, தீராத களைப்பு, அடிக்கடி காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தால், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பல வேளைகளில் சாதாரண இரத்தப் பரிசோதனையே இதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.